தலையெழுத்தா? கணக்கா?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



ஒரு வாலிபன் தற்கொலை செய்துகொண்டால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? "அவன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்கிறார்கள். ஜோசியனோ, மிஞ்சியிருக்கும் பிள்ளைக்குப் பரிகாரம் செய்யத் தட்சணை கேட்கிறான். உலகத்தில் வருஷந்தோறும் 7 லட்சம் பேருக்குமேல் இப்படிச் சாகிறார்கள் என்றும், 15 முதல் 29 வயதுள்ளவர்களின் சாவுக்கு இது மூன்றாவது பெரிய காரணம் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2021ம் வருஷக் கணக்கைக் கொண்டு சொல்லுகிறது. இத்தனை பேருக்குமா பிரம்மன் ஒரே எழுத்தை எழுதினான்?

பக்கத்திலுள்ள இலங்கையைப் பாருங்கள். 1995லும் 1998லும் மிகக் கொடிய பூச்சி மருந்துகளைத் தடை செய்தார்கள். 2005க்குள் தற்கொலை விகிதம் ஏறக்குறையப் பாதியாய்விட்டது. பிரம்மன் எழுத்தைச் சர்க்கார் உத்திரவு அழித்துவிட்டதா? காரணத்தை மாற்றினால் காரியமும் மாறும் என்பதல்லவா இதன் பொருள்?

ஆனால் வாலிபர் சாவுக்குக் காரணம் ஒன்றல்ல. வேலையில்லாமை, சிறு வயதில் பட்ட கொடுமை, துணையில்லாமை, வைத்தியம் கிடைக்காமை எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சர்க்கார் பணமோ அளவானது. அதை எதில் போடுவது? இதற்குத்தான் கம்ப்யூட்டர் கணக்கு உதவுகிறது.

ஏரிக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது, எவ்வளவு போகிறது, மதகைத் திறந்தால் என்னவாகும் என்று பார்ப்பது போன்றதே இக்கணக்கு. அமெரிக்காவில் ஜே ஃபாரெஸ்டர் என்பவர் 1950களில் தொழிற்சாலைகளுக்காக இம்முறையை வகுத்தார். சிட்னி சர்வகலாசாலையார் இதையே வாலிபர் தற்கொலைக்குப் பயன்படுத்தினார்கள். எத்தனை பேர் துயரத்தில் விழுகிறார்கள், எத்தனை பேர் வைத்தியத்திற்குக் காத்திருக்கிறார்கள் என்று ஆஸ்திரேலியாவின் ஒரு பிரதேசத்தையே கணக்கில் அமைத்துப் பார்த்தார்கள்.

தெரிந்ததென்ன? "உதவி கேளுங்கள்" என்று விளம்பரம் செய்துவிட்டு வைத்தியர்களைக் கூட்டாவிட்டால் வரிசைதான் நீளும். காத்துச் சலித்தவன் மறுபடி வரமாட்டான். முயன்று பிழைத்தவரை ஆஸ்பத்திரியை விட்ட பின்னும் தேடிப்போய்க் கவனிப்பது, வேலை கொடுப்பது, குழந்தைகள் படும் கொடுமையைக் குறைப்பது ஆகியவற்றைச் சேர்த்துச் செய்தால்தான் பலன் அதிகம்.

இதனால் கம்ப்யூட்டரையும் ஒரு சாமியாக்கிவிடாதீர்கள்! நாம் போட்டதைத்தான் அது கணக்குப் பார்க்கும். ஜாதி இழிவு தாங்காமல் செத்தவனைக் "குடும்பத் தகராறு" என்று எழுதி வைத்தால், அந்த இழிவு கணக்கிலேயே வராது. அதற்குப் பரிகாரமும் வராது. ஆனால் ஜோசியத்திற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. எதை நம்பிக் கணக்குப் போட்டோம் என்று இவர்கள் வெளியே வைக்கிறார்கள், பின்வரும் வருஷக் கணக்கோடு ஒத்துப் பார்க்கலாம், தப்பானால் திருத்தலாம். எந்த ஜோசியன் தன் ஏட்டைத் திருத்தியிருக்கிறான்?

ஆகவே ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், "எந்தக் கணக்கைப் பார்த்துச் செலவு செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். சாவை மறைக்காமல் உண்மைக் காரணத்தை எழுதச் செய்யுங்கள். வீட்டில் ஒரு பிள்ளை சோர்ந்திருந்தால், "சாக நினைக்கிறாயா?" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. பூசாரியிடம் இழுத்துப் போகாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 14416க்குப் போன் செய்யுங்கள். சாகிறவன் விதியால் சாகவில்லை. நாம் கவனியாததால் சாகிறான் என்பதை உணருங்கள்.