‘மென்டல்’ என்கிற வசவு: சினிமாவும் நாமும்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு சினிமாவும் மனநோயும். நான் சினிமா விமர்சகன் இல்ல, டாக்டரும் இல்ல. இதைப் பேச எனக்கு என்ன தகுதின்னா, எங்க வீட்டுல ஒருத்தர் இந்த நோயோட முப்பது வருஷமா இருக்காரு. எங்க அண்ணன். இதை இயக்க மேடையில நான் சொல்றது இதுதான் முதல் தடவை. ஏன் இவ்வளவு நாள் சொல்லலங்கறதும் இந்தப் பேச்சுக்குள்ளயே வரும்.

அண்ணன் செங்கல் சூளையில வேலை பார்த்தாரு. அப்ப இருபத்திரெண்டு வயசு. முதல்ல தூக்கம் போச்சு. அப்புறம் யாரோ காதுல பேசுறாங்கன்னாரு. சோத்துல என்னமோ கலந்திருக்குன்னு தட்டை நகர்த்தி வைப்பாரு. ஒரு நாள்ல நடந்ததில்ல, ஏழெட்டு மாசமா கொஞ்சம் கொஞ்சமா வந்தது. எங்க யாருக்கும் புரியல. ஏன் புரியலன்னா, பைத்தியம்னா எப்படி இருக்கும்னு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது டூரிங் கொட்டாய்தான். அங்க பைத்தியம் ஒரே நிமிஷத்துல பிடிக்கும். தலையில அடிபடும், இல்ல காதல் தோத்துப்போகும், இல்ல பேய் ஏறும். தாடி வளரும், சட்டை கிழியும், வானத்தைப் பார்த்துச் சிரிப்பாங்க. மறுபடி தலையில ஒரு அடி பட்டா தெளிஞ்சிடும். எங்க அண்ணன் தலை சீவி, சட்டை போட்டு, சும்மா உட்கார்ந்திருந்தாரு. அதனால ‘வேலைக்குப் போகத் திமிரு’ன்னு நாங்களே தீர்ப்பு எழுதிட்டோம். அப்பா அடிச்சாரு. அப்புறம் ஒரு கோயில், ஒரு மந்திரவாதி, கடைசியா கால்ல சங்கிலி. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க ரெண்டு வருஷம் ஆச்சு. அங்க போறதுக்கும் அம்மா பயந்துச்சு. “கீழ்ப்பாக்கம்னு பேரு எடுத்துட்டா உன் தங்கச்சிய எவன்டா கட்டுவான்?”

இந்தக் ‘கீழ்ப்பாக்கம்’ங்கிற சொல்லைக் கவனியுங்க. 1794இலிருந்து வரலாறு உள்ள ஒரு அரசு மருத்துவமனை. நம்ம மாதிரி ஏழை சனங்களுக்குக் காசில்லாம வைத்தியம் பார்க்கிற இடம். அந்தப் பேரை நகைச்சுவைக் காட்சிகள் ஒரு வசவா மாத்திடுச்சு. சேரியில பொறந்தவனை ஊர்ப்பேரைக் கேட்டு அடையாளம் கண்டுபிடிக்கிற மாதிரி, ஆஸ்பத்திரிப் பேரைச் சொல்லி மனுசனைக் கழிச்சுக்கட்டுற வேலை இது. வசவு எப்படி வேலை செய்யும்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. நம்ம சாதிப் பேரே வசவாத்தானே புழங்குது.

ஃபூக்கோவைப் படிச்ச தோழர்கள் இங்க இருப்பீங்க. 1656இல் பாரிஸில் பொது மருத்துவமனை என்ற பெயரில் பிச்சைக்காரர், வேலையற்றவர், பித்தர் எல்லோரையும் ஒரே மதிலுக்குள் அடைத்ததை அவர் எழுதியிருக்கிறார். யார் ‘அறிவுள்ளவன்’ என்பதை முடிவு செய்கிறவன், யாரை வெளியே வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறான். ஊருக்கு வெளியே சேரியை வைத்த சமூகத்துக்கு இது புதுசில்ல.

இப்ப படங்களுக்கு வருவோம். கொலைகாரன்னா மனநோயாளி. ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978), ‘மூடுபனி’ (1980) தொடங்கி, 2020இல் ‘சைக்கோ’ன்னே பேர் வச்சு வந்த படம் வரைக்கும் இந்தத் தடம் நீளுது. பத்திரிகையும் அதே சொல்லைத் தலைப்புல போடுது. உண்மை என்ன? மனநோய் உள்ளவங்க பிறத்தியாரை அடிக்கிறதை விட, பிறத்தியாரிடம் அடிபடுறதுதான் அதிகம். எங்க அண்ணன் இதுவரை யாரையும் அடிச்சதில்ல. அவர் மேல கல் விழுந்த தழும்பு நெத்தியில இருக்கு.

‘சேது’ 1999 டிசம்பர்ல வந்தது. கதாநாயகனுக்கு மூளையில அடிபட்டு, மடத்துல சங்கிலி போட்டுக் கட்டி வைக்கிறாங்க. தியேட்டரே அழுதுச்சு, நானும் அழுதேன். ஆனா எதுக்காக அழுதோம்? காதல் கைகூடலையேன்னு அழுதோம். ஒரு மனுசனை ஏன்டா சங்கிலியில கட்டுறீங்கன்னு யாரும் கேட்கல. சங்கிலி அங்க சோகத்துக்கு ஒரு அலங்காரம். அடுத்த இருபது மாசத்துல, 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில, ஏர்வாடியில ஒரு கொட்டகை தீப்பிடிச்சு எரிஞ்சது. 28 பேர் செத்தாங்க. ஓடியிருக்கலாம், ஓட முடியல. சங்கிலி. அதுக்கப்புறம்தான் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிச்சது. படம் தீ வச்சதுன்னு நான் சொல்லல. ஆனா சங்கிலியைப் பார்த்து நமக்குக் கோபம் வராம, வெறும் கண்ணீர் மட்டும் வரப் பழக்கினது இந்தப் பொதுப்புத்திதான்.

இன்னும் ரெண்டு படத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ‘காதல்’ (2004). மெக்கானிக் பையன். சாதியை வெளிப்படையாச் சொல்லாது, ஆனா அடிக்கிறது யாரு, அடிபடுறது யாருன்னு பார்க்கிறவனுக்குத் தெரியும். கடைசியில அவன் பைத்தியமாகித் தெருவுல நிக்கிறான். அந்தப் பொண்ணோட புருஷன் இரக்கப்பட்டு வைத்தியத்துக்குச் சேர்க்கிறாரு. அவ்வளவுதான், படம் முடிஞ்சது. அடிச்சவங்க மேல வழக்கு உண்டா, தண்டனை உண்டா? சாதி செஞ்ச குற்றம் ஒரு தனிமனுசனோட நோயா மாறிடுது, புருஷனோட பெருந்தன்மை தீர்ப்பா மாறிடுது. அடுத்த வருஷமே ‘அந்நியன்’ (2005). அங்கயும் மனநோய்தான். ஆனா அய்யங்கார் வக்கீலுக்கு வந்த நோய். அது கருட புராணத்தைப் படிச்சு தண்டனை கொடுக்குது, கூட்டம் கைதட்டுது. இவனுக்கு வந்தா தெருவோரம், அவனுக்கு வந்தா தர்மம். நோய்க்குக்கூட இந்த நாட்டுல வருணம் பார்க்கிறாங்க தோழர்களே.

செய்தித்தாளுக்கு வருவோம். அம்பேத்கர் சிலையை உடைச்சவன் பிடிபட்டா, ‘மனநிலை பாதிக்கப்பட்டவர்’னு செய்தி வர்றதை நாம பல தடவை படிச்சிருக்கோம். சாதிவெறிக்கு மனநோய்ங்கிற சட்டையை மாட்டி அனுப்பிடுறாங்க. இதுல ரெண்டு அநியாயம் இருக்கு. குற்றவாளி தப்பிக்கிறான், உண்மையிலேயே நோயோட இருக்கிறவன் மேல பழி விழுது. 2016 ஜனவரியில ரோஹித் வெமுலாவை இழந்தோம். 2019 மே மாசம் மும்பையில டாக்டர் பாயல் தட்வியை இழந்தோம். உதவித்தொகை நிறுத்தம், விடுதியிலிருந்து வெளியேற்றம், சாதிக் கிண்டல்னு பேச வேண்டிய இடத்துல ‘மன அழுத்தம்’, ‘மன உறுதி இல்லை’ன்னு பேசினாங்க. நம்ம ஆளுங்களும் கோபத்துல, ‘அதெல்லாம் மனநோய் கிடையாது, நாங்க பலவீனமானவங்க இல்ல’ன்னு பதில் சொன்னோம். அதுவும் தப்பு. மனசு நோகிறது பலவீனம் இல்ல. நோய்க்கு மருந்து வேணும், சாதிக்கு நீதி வேணும். ஒண்ணைக் காட்டி இன்னொண்ணை மறைக்கக் கூடாது.

இப்ப என் கதையைச் சொல்லிடறேன். இயக்கத் தோழர்கள் எங்க வீட்டுக்கு வருவாங்க. நான் என்ன செய்வேன் தெரியுமா? அவங்க வர்றதுக்கு முன்னாடி அண்ணனைக் கொல்லைப்பக்கம் மாட்டுக்கொட்டகையில உட்கார வச்சிடுவேன். தட்டும் டம்ளரும் தனியா. அவர் எதுவும் கேட்க மாட்டாரு, போய் உட்கார்ந்துக்குவாரு. உள்ள நாங்க இரட்டைக் குவளையை எதிர்த்துப் போராட்டம் பத்திப் பேசிக்கிட்டிருப்போம். ஒரு நாள் ஒரு தோழர் தண்ணி குடிக்கக் கொல்லைக்குப் போனவர், திரும்பி வந்து என்னைப் பார்த்து ஒரே வார்த்தைதான் கேட்டார்: “யாரு தோழர் அவரு?” “வேலைக்காரன்”னேன். சொந்த அண்ணனை. சேரிக்குள்ள ஒரு சேரியை நான் கட்டி வச்சிருந்தேன். கூட்டத்துல மாற்றுக் கருத்து சொன்ன ஒரு தோழரை ‘மென்டல்’னு திட்டினதும் நான்தான்.

அண்ணன் இப்ப மாத்திரை சாப்பிடுறாரு. கை கொஞ்சம் நடுங்கும். நாலு ஆடு வளர்க்கிறாரு. இன்னைக்குக் காலையில “உன்னைப் பத்திப் பேசப்போறேண்ணே, பேசட்டுமா?”ன்னு கேட்டேன். “பேர் சொல்லாத. மாட்டுக்கொட்டகையைச் சொல்லு”ன்னாரு.

சொல்லிட்டேன். இனி நாம செய்ய வேண்டியது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கு. பிரிவு 95, எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. மயக்க மருந்தில்லாமல் மின் அதிர்ச்சி கொடுப்பதையும் தடை செய்கிறது. பிரிவு 18, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இலவச சிகிச்சையை உரிமையாக்குகிறது. பிரிவு 24, சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் ஒப்புதலின்றி ஊடகத்துக்குத் தரக் கூடாது என்கிறது. இதையெல்லாம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் படிச்ச மாதிரி நம்ம மாணவர்கள் படிக்கணும். ஆரம்ப சுகாதார நிலையத்துல மாத்திரை இல்லைன்னா, குடிதண்ணிக்கு மறியல் பண்ற மாதிரி மறியல் பண்ணணும். சிலை உடைச்சவனை ‘மனநோயாளி’ன்னு போலீஸ் சொன்னா, எந்த டாக்டர் எப்ப சொன்னாருன்னு கேட்கணும். நம்ம பத்திரிகையில, நம்ம மேடையில, நம்ம பாட்டுல ‘லூசு’, ‘மென்டல்’, ‘பைத்தியக்கார அரசு’ன்னு எழுதுறதை இன்னையோட நிறுத்தணும். எதிரியைத் திட்ட நமக்கு வேற வார்த்தையா இல்ல?

அடுத்த தடவை எங்க வீட்டுக்கு வாங்க தோழர்களே. அண்ணன் திண்ணையில இருப்பாரு. அவர் கையால டீ குடிக்கலாம்.