புங்கமரத்தைக் கவனித்த பிள்ளைகள்



இன்றைய பள்ளி விழாவின் பரிசுப் பட்டியலைக் காலையிலேயே என் கையில் கொடுத்துவிட்டார்கள். பாடவாரியாக முதல் மதிப்பெண், கையெழுத்து, திருக்குறள் ஒப்பித்தல், சிலம்பம், சதுரங்கம், மாறுவேடம், ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைகள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் நாம் மனமாரக் கைதட்ட வேண்டும். ஒரு பிள்ளை ஐம்பது குறளைத் தடுமாறாமல் சொல்வதற்குப் பின்னால் எத்தனை மாலை நேரம் இருக்கிறது என்று அந்தத் தாய்க்குத் தெரியும். ஆனால் நான் பேச நினைப்பது இந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒரு சாதனையைப் பற்றி. மாடி வகுப்பறையில் பிள்ளைகளின் வேலைகளைக் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள். அங்கே ஜன்னல் ஓரத்தில் சில நாற்பது பக்க நோட்டுகள் அடுக்கிவைக்கப்பட்டிருந்தன. பளபளப்பான மாதிரிகளுக்கு நடுவே அவற்றை யாரும் எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அவற்றில் ஒன்று மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் நோட்டு. பள்ளி வாசலில் நிற்கிறதே புங்கமரம், அதை வாரம் ஒருமுறை பார்த்து எழுதியிருக்கிறாள். அவள் எழுதியதை அப்படியே வாசிக்கிறேன். "பிப்ரவரி 14. பச்சை இலை நிறைய. சில இலையில் கொப்புளம்." அடுத்து, "பிப்ரவரி 28. இலை மஞ்சள். கீழே நிறைய கிடக்கிறது." பிறகு, "மார்ச் 7. மரம் மொட்டை." அதற்கும் அடுத்த வாரம், "மார்ச் 14. புது இலை. பளபளப்பு. கொப்புளம் இல்லை."

கொப்புளம் இல்லை! அந்த இரண்டு சொற்களைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. இருப்பதைப் பார்த்து எழுத எல்லாராலும் முடியும். போன மாதம் இருந்த ஒன்று இந்த மாதம் இல்லை என்பதைக் கவனித்து, தேதி போட்டு எழுதுவதற்குப் பயின்ற கண் வேண்டும். ஆராய்ச்சி மாணவர்களுக்கே இதைப் பல ஆண்டுகள் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை தானாகச் செய்திருக்கிறாள்.

அந்தக் கொப்புளம் என்ன என்று அவளுடைய ஆசிரியை தேடிக் கண்டுபிடித்து நோட்டின் ஓரத்தில் எழுதியிருக்கிறார். சிலந்தி இனத்தோடு உறவுள்ள, வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உண்ணிகள் புங்க இலைக்குள் புகுந்து வாழ்கின்றன. அவை குடியேறிய இடத்தில் இலை வீங்கி, விரல் நுனிபோலப் புடைத்துக்கொள்கிறது. நம் தெருக்களில் உள்ள புங்கமரங்களில் பெரும்பாலானவற்றில் இதைப் பார்க்கலாம். மரம் பழைய இலையை உதிர்த்துப் புதிதாகத் துளிர்க்கும்போது சில நாட்கள் இலை மாசுமறுவில்லாமல் இருக்கிறது. வெயில் ஏறுவதற்குச் சற்று முன்னால் புங்கன் இப்படித் தழைத்து நிழல் கொடுப்பதால்தான் சென்னைத் தெருக்களில் அதை விரும்பி நட்டார்கள். இந்த மரத்தடியில்தான் நாம் தினமும் வண்டியை நிறுத்துகிறோம்.

பெற்றோர்களே, இப்படி மரத்தைப் பார்த்து எழுதுவது வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டில் சீசன்வாட்ச் என்ற பெயரில் ஒரு மக்கள் அறிவியல் திட்டம் பத்தாண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை துளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய், கனி ஒவ்வொன்றும் மரத்தில் இல்லையா, கொஞ்சம் இருக்கிறதா, நிறைய இருக்கிறதா என்று குறிப்பார்கள். வேலை அவ்வளவுதான். கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் இதில் பெருமளவில் பங்கெடுக்கிறார்கள். விஷுவுக்குப் பூக்க வேண்டிய கொன்றை எப்போதெல்லாம் பூக்கிறது என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் விடை தேடுவது இத்தகைய பதிவுகளை வைத்துத்தான்.

இத்தகைய பதிவு எவ்வளவு உதவும் என்பதற்கு ஜப்பானைப் பாருங்கள். அங்கே கியோட்டோ நகரத்தில் செர்ரி மரங்கள் பூத்த நாளை அரண்மனைக் குறிப்புகளிலும் நாட்குறிப்புகளிலும் கி.பி. 9ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுதிவைத்திருக்கிறார்கள். பூவிழா நடந்த நாட்களையும் குறித்துவைத்தார்கள். அந்தக் குறிப்புகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, 2021ஆம் ஆண்டு மார்ச் 26 அன்று மரங்கள் முழுமையாகப் பூத்ததுதான் அதுவரையிலான ஏறத்தாழ 1,200 ஆண்டுகளில் மிக முந்தியது என்று தெரிந்தது. பூமி சூடாகிறது என்பதற்கு ஒரு நாட்டின் பழைய நாட்குறிப்பே சாட்சியாகிவிட்டது. நம் கோவிலம்பாக்கத்துப் புங்கமரத்துக்கு அப்படி ஒரு பதிவேடு உண்டா? இந்தச் சிறுமி தொடங்கியிருக்கிறாள்.

கவனித்து எழுத இங்கே குறைவே இல்லை; நம் ஊர் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தெற்கே நன்மங்கலம் காப்புக்காடு. முட்புதரும் பழைய கல்குவாரியுமாக 300 ஹெக்டேருக்கு மேல் பரந்திருக்கிறது. அந்தப் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தை குஞ்சு பொரிக்கிறது. கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் இருந்ததாகச் சொல்வார்கள். குப்பைமேடும் கட்டடங்களும் தின்றது போக எஞ்சியதில் ஏறக்குறைய 1,248 ஹெக்டேர் பரப்பு 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. உலகம் முழுவதும் காக்க வேண்டிய ஈரநிலங்களுக்கான பட்டியல் அது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஊரில் பிள்ளைகளை வளர்க்கிறோம். அவர்களுக்கு அமேசான் காட்டின் படம் தெரிகிறது. பாடப்புத்தகத்தில் இருக்கிறது, தெரியட்டும். பள்ளிக்கரணையை வேன் ஜன்னல் வழியாகக்கூடப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் அவர்கள் தேர்வுக்குப் படித்துக்கொண்டு வருகிறார்கள்.

நம் மண்ணின் இளவேனில் சித்திரையும் வைகாசியும். ஏறக்குறைய அந்த இரண்டு மாதமும் பள்ளிக்கு விடுமுறை. அதற்கு முந்தைய மாசி, பங்குனியில் மாமரம் பூத்துப் பிஞ்சு பிடிக்கிறது, வேம்பு துளிர்க்கிறது, கல்யாண முருங்கை இலையை உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூக்கிறது, குயில் கூவத் தொடங்குகிறது. குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து சதுப்புநிலத்துக்கு வந்த ஊசிவால் வாத்துகளும், மின்கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான்களும் ஊர் திரும்புகின்றன. ஆண்டிலேயே மிக அதிகமான மாற்றம் நடக்கும் அந்த இரண்டு மாதங்களைத்தான் நாம் திருப்புதல் தேர்வுக்கென்று எழுதிக் கொடுத்துவிட்டோம். பள்ளியின் நாட்காட்டியை மாற்ற என்னால் முடியாது. பிள்ளைகள் வெளியே போய் ஒரு மரத்தைப் பார்க்க வாரத்துக்கு இருபது நிமிடத்தை மட்டும் கேட்கிறேன்.

வெளியே போய்ப் பார்த்துக் கற்க வேண்டும் என்ற இந்த எண்ணம் நம் பகுதிக்குப் புதிதும் இல்லை. இங்கிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் அடையாறு. 1939 நவம்பரில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் அங்கே பிரம்மஞான சபைக்கு வந்து, நாடெங்கும் இருந்து வந்த ஏறத்தாழ 300 பேருக்குப் பயிற்சி கொடுத்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் அவர் பிரிட்டிஷ் அரசின் பார்வையில் எதிரி நாட்டுக் குடிமகள் ஆகிவிட்டார். திரும்பிப் போக வழியில்லை. போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கினார். அங்கே ஒரு சிறு பள்ளியில், செடியும் பூச்சியும் கல்லும் தேடிப் பிள்ளைகள் வெளியே போய்த் திரட்டிக்கொண்டு வந்த கேள்விகளிலிருந்து, பெரிய பிள்ளைகளுக்கான தன் கல்விமுறையை வளர்த்தெடுத்தார். இன்று நம் தெருவுக்குத் தெரு மாண்டிசோரி என்ற பெயர்ப்பலகை தொங்குகிறது. மரத்தாலான விளையாட்டுப் பொருட்களை விலை கொடுத்து வாங்கிவிட்டோம். வாசலைத் தாண்டி வெளியே போகும் பகுதியை மட்டும் கொடைக்கானலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

இதற்கு நேரம் ஒதுக்கினால் மதிப்பெண் குறைந்துவிடுமோ என்ற கவலை உங்களுக்கு இருக்கும். நியாயமான கவலை. வீட்டுக்கடன் கட்டிக்கொண்டு, கல்விக் கட்டணத்துக்காக நகையை அடகு வைத்தவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களிடம் மதிப்பெண்ணை மறந்துவிடுங்கள் என்று மேடையில் நின்று சொல்வது எளிது. அது பொறுப்பான பேச்சு ஆகாது. தமிழ்நாட்டில் 2017இலேயே பொதுத்தேர்வுகளுக்கு மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் மே மாதம் வந்தால் பள்ளிச் சுவர்களில் பிள்ளைகளின் முகமும் எண்ணுமாகப் பேனர்கள் ஏறத்தான் செய்கின்றன. அந்த முகங்கள் ஏறட்டும். அந்தச் சிறுமியின் நோட்டும் கூடவே ஏற வேண்டும் என்கிறேன். இதில் தமிழ் வாக்கியம் இருக்கிறது, தேதி இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, படம் இருக்கிறது. இலை வீங்கியது ஏன் என்ற கேள்வி அறிவியல் பாடம். யாரும் மனப்பாடம் செய்யச் சொல்லாமல் நாலு பாடத்தை இந்தப் பிள்ளை படித்திருக்கிறாள்.

அதோடு, இப்படி மரத்தைப் பார்த்து எழுதுவதற்குக் கட்டணம் கிடையாது. 2010 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியது. கட்டட வேலை செய்பவரின் பிள்ளையும் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவரின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அறிவியல் கண்காட்சி என்று வந்தால் என்ன ஆகிறது? ஒரு வீட்டில் கடையிலிருந்து தெர்மாகோல் மாதிரியை வாங்கிக் கொடுத்து அனுப்புகிறார்கள். இன்னொரு வீட்டில் அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். இது எனக்குப் பொறுக்க முடியாத வேதனை. மரத்தைப் பார்ப்பதற்குப் ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பென்சிலும் போதும்.

ஜன்னல் ஓரத்து அந்த அடுக்கில் இன்னொரு நோட்டு, ஐந்தாம் வகுப்புப் பையனுடையது. மேடவாக்கம் சாலையில் மெட்ரோ ரயில் பணி நடக்கிறது அல்லவா? தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தெரியும் மரத்தில் காக்கை கூடு கட்டுவதைக் கவனித்து, அது சுள்ளியோடு கட்டுக்கம்பித் துண்டுகளையும் கொண்டுவந்து பின்னுவதை வரைந்து வைத்திருக்கிறான். கம்பி எங்கிருந்து வருகிறது என்பதற்கு அம்புக்குறி போட்டுச் சாலையையும் வரைந்திருக்கிறான். அந்தக் கூட்டில் குயில் முட்டையிடுமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறான். தம்பி, காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடும். உன் கூட்டில் இட்டதா என்பதை நீதான் எங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இப்படி ஒரு வரி ஆசிரியர் கண்ணில் படுவது கடினம். இது சிறிய பள்ளி. விளையாட்டுத் திடல் இல்லையே என்று பெற்றோர் சிலர் குறைப்படுவது என் காதில் விழுந்தது. குறை உண்மைதான். ஆனால் இங்கே ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எந்தப் பிள்ளை எந்த மரத்தைப் பார்க்கிறது என்பது வரை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த நோட்டுகளில் சிவப்பு மையால் திருத்தாதீர்கள். "மரம் மொட்டை" என்பதை "மரம் இலையுதிர்ந்து காணப்பட்டது" என்று மாற்றிவிடாதீர்கள். இதைப் போட்டியாக்கி முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று பிரிக்கவும் வேண்டாம். இன்னொரு வேண்டுகோளும் உண்டு: பிப்ரவரியில் உலகெங்கும் நான்கு நாட்கள் பறவைகளை எண்ணுகிறார்கள். இந்தியாவில் பள்ளி, கல்லூரி வளாகங்களும் அதில் சேர்ந்துகொள்கின்றன. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று கண்ட பறவைகளைக் குறித்து அனுப்பினால் போதும். வரும் ஆண்டு நம் பள்ளியின் பட்டியலும் போகட்டும். காக்கை, மைனா, புறா என்று மூன்றே மூன்று இருந்தாலும் அனுப்புங்கள்.

குடியிருப்போர் சங்கத்து நண்பர்களிடம் இன்னொன்று. தெரு மரங்களில் விளம்பரத் தட்டிகளை ஆணி அடித்து மாட்டுகிறார்கள். இந்தப் பள்ளி வாசல் புங்கமரத்திலேயே துருப்பிடித்த ஆணிகளைப் பார்த்தேன். அவற்றைப் பக்குவமாகப் பிடுங்கி எடுக்க இந்த வாரமே ஆள் ஏற்பாடு செய்யுங்கள். மின்கம்பிக்காகக் கிளையை வெட்ட வருகிறவர்களிடம் இந்த மரம் பிள்ளைகளின் பாடம் என்று எடுத்துச் சொல்லுங்கள், வேண்டிய கிளையை மட்டும் வெட்டுவார்கள்.

இனி விடுமுறை. புங்கன் பூப்பது ஏப்ரல், மே மாதங்களில். வெளிர் ஊதாப் பூ கொட்டி நடைபாதை நிறைந்திருக்கும் நேரத்தில் அதை எழுத வகுப்பில் ஒருவரும் இருக்க மாட்டீர்கள். ஊருக்குப் போகும் பிள்ளைகள் அங்கே அத்தை வீட்டு வேம்பையோ தாத்தா தோட்டத்து மாமரத்தையோ தேர்ந்தெடுத்து எழுதுங்கள்; தேதியை மறக்காதீர்கள். இங்கேயே இருக்கும் பிள்ளைகளுக்காகத் தலைமையாசிரியை அம்மாவிடம் பேசிவிட்டேன். விடுமுறை முழுவதும் சனிக்கிழமை தோறும் காலை எட்டு மணி முதல் ஒன்பது மணி வரை பள்ளி வாசல் திறந்திருக்கும். ஓர் ஆசிரியர் உடன் இருப்பார். சேர விரும்பும் பிள்ளைகளின் பெயரை, விழா முடிந்து போகும்போது, மூன்றாம் வகுப்பு ஆசிரியையிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.