பனிச்சறுக்குப் பலகையின் பிணைப்பு



ஆல்ப்ஸ் மலைச்சாரலிலே ஒருவர் வெண்பனியின்மீது வழுக்கி இறங்கும் காட்சியைப் படத்திற் காணும்போது, நம் கண் அவருடைய காலடியிலுள்ள நீண்ட பலகைகளையே நாடுகின்றது. அப்பலகையையும் அவர் அணிந்த சப்பாத்தையும் ஒன்றாகப் பூட்டிவைத்திருக்கும் சிறு கருவியை நாம் கவனிப்பதில்லை. அங்கே பனிச்சறுக்கில் ஈடுபடுவோரிலும் பலர் இப்படித்தான். பலகையின் நிறத்தையும் நீளத்தையும் அரைநாள் ஆராய்ந்து வாங்குவார்கள். பிணைப்பையோ கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடி ஏற்றுக்கொள்வார்கள். காலுக்கு நேரும் கேட்டைப் பெரிதும் தீர்மானிப்பது அந்தப் பிணைப்பே என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

சுவிற்சலாந்திலும் நோர்வேயிலும் கனடாவிலும் வாழும் நம்மவரின் பிள்ளைகள் பள்ளித் தோழரோடு பனிமலைக்குச் செல்கின்றனர். பெற்றோரோ பனியறியா நாட்டிற் பிறந்தவர்கள். கடையிலே எதைக் கேட்பது என்று தெரியாமல் நிற்பவர்கள். அவர்களையும், அவர்களுக்கு இங்கிருந்து கடிதமெழுதும் உறவினரையும் மனத்திற்கொண்டே இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன்.

பிணைப்பு செய்யவேண்டிய வேலைகள் இரண்டு. அவையோ ஒன்றுக்கொன்று மாறானவை. சறுக்கும்போது காலைப் பலகையோடு இறுகப் பிடித்திருக்கவேண்டும். விழும்போது, எலும்பு முறியும் தறுவாய்க்கு முன்பே, காலை விட்டுவிடவேண்டும். முதல் வேலையை மனிதன் விரைவிற் கற்றுக்கொண்டான். நோர்வேயின் தெலமார்க் பகுதியைச் சேர்ந்த சொந்திரே நூர்ஹைம் என்பவர் 1860களில், முறுக்கிய மரவேர்களைக் குதிகாலைச் சுற்றிக் கட்டிப் பலகையைத் தம் விருப்பப்படி திருப்பிக் காட்டினார். பின்னர் எஃகுக் கம்பியாற் குதிகாலைப் பலகையோடு அழுத்திப் பிடிக்கும் முறை வந்தது. செங்குத்தான சரிவில் வேகமாக இறங்க அது பேருதவியாயிற்று. ஆனால் விழுந்தவனுடைய கால் அதிலிருந்து கழன்றுவர வழியில்லை. இரண்டு மீற்றர் நீளமான பலகை ஒரு பக்கம் திரும்ப, உடல் மறுபக்கம் திரும்ப, நடுவிலே அகப்பட்ட கணைக்கால் எலும்பு முறிந்தது.

இரண்டாவது வேலையைச் செய்யும் கருவி, முறிந்த காலொன்றிலிருந்தே பிறந்தது. நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்திற் குடியேறிய யல்மார் ஹ்வாம் சிறந்த சறுக்கு வீரர். 1937ஆம் ஆண்டில் ஹூட் மலையில் அவருடைய கால் முறிந்தது. மருத்துவமனையில் மயக்கம் தெளிந்து எழுந்த வேளையிலேயே, முன்பாதத்தைப் பக்கவாட்டில் விட்டுவிடும் பிணைப்பின் அமைப்பு அவர் மனத்தில் உருவாயிற்று என்பர். 1950களில் பிரான்சிலே ஜான் பெய்ல், ஜேர்மனியிலே ஹான்னஸ் மார்க்கர் முதலியோர் அவ்வெண்ணத்தை வேறு வழிகளில் வளர்த்தெடுத்தனர்.

இன்றைய பிணைப்பில் முன்துண்டு, பின்துண்டு என இரண்டு உண்டு. கால் முறுக்கப்பட்டால் முன்துண்டு பக்கவாட்டில் விலகும். உடல் முன்னோக்கிச் சாய்ந்து விழுந்தால் பின்துண்டு மேல்நோக்கித் திறக்கும். இரண்டுக்குள்ளும் சுருள்வில் இருக்கின்றது. அவ்வில்லின் இறுக்கத்தைக் காட்டும் எண்ணொன்று சிறு சாளரத்திலே தெரியும். ஜேர்மன் நியமத்தின் பெயரால் அதனை டின் எண் என்பார்கள். அந்த எண்ணை எவரும் தம் மனம்போற் குறிப்பதில்லை. எடை, உயரம், வயது, சப்பாத்தின் அடிநீளம், சறுக்குபவரின் வகை ஆகிய ஐந்தையும் கொண்டு, சர்வதேச நியமத்தின் அட்டவணைப்படி கணிப்பார்கள். அடிநீளம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நீண்ட சப்பாத்து நீண்ட நெம்புகோலைப் போன்றது; ஆகையால் அதே மனிதருக்கு அடி நீளநீள எண் குறையும். பத்து வயதுக்கு உட்பட்டோருக்கும் ஐம்பது வயதை எட்டியவர்களுக்கும் அட்டவணை ஒரு படி கீழே இறங்கும்.

இந்த ஐந்தில் நான்கை அளந்தோ கேட்டோ அறியலாம். ஐந்தாவதான வகையைச் சறுக்குபவரே சொல்லவேண்டும். மென்சரிவில் மெதுவாகச் செல்பவர் முதல்வகை; செங்குத்தான சரிவிலே வேகமாகப் பாய்ந்து செல்பவர் மூன்றாம் வகை; இரண்டிலும் சேராதவர் இரண்டாம் வகை. இங்கேதான் மனிதரின் தன்மதிப்பு குறுக்கே வருகின்றது. நண்பர்கள் பக்கத்தில் நிற்க, தம்மை முதல்வகை என்று சொல்ல எத்தனை இளைஞர்களுக்கு மனம் வரும்? ஒருபடி உயர்த்திச் சொல்லிவிட்டுப் படிவத்திற் கையொப்பமும் இடுகின்றனர். இயந்திரமோ சொன்னதை அப்படியே நம்பிவிடும். புதிதாகப் பழகுபவர் வேகமாக விழுவதில்லை. மெதுவாக முறுகி விழுவார். அத்தகைய வீழ்ச்சியிலே, அளவுக்கு மிஞ்சி இறுக்கிய வில் திறவாது, எலும்பே விட்டுக்கொடுக்கும். எடையைச் சில கிலோகிராம் குறைத்துச் சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நேர்வது மறுபுறத் தீங்கு. வில் தளர்ந்திருப்பதால், விழாதபோதே பலகை கழன்றுவிடும். வேகமான இறக்கத்தின் நடுவே ஒற்றைப் பலகையோடு நிற்பது எலும்பு முறிவுக்குச் சற்றும் குறைந்த ஆபத்தன்று.

கணித்த எண் தெரிந்த பின்பே பிணைப்பைத் தெரியவேண்டும். ஒவ்வொரு பிணைப்பும் குறித்த எல்லைக்குள் மட்டுமே இயங்கும். சிறுவர் பிணைப்பொன்று 0.75 முதல் 4.5 வரை இருக்கலாம். பெரியோர்க்கென விற்பவை 3 முதல் 10 வரை, 4 முதல் 12 வரை என்றவாறு அமையும். பந்தய வீரர் பூட்டுபவை இன்னும் மேலே தொடங்கும். உங்கள் எண் 6 என்றால், 3 முதல் 10 வரையுள்ளது நன்கு பொருந்தும். பந்தயப் பிணைப்பு அழகாய் இருக்கின்றதென்று அதனை வாங்கினால், மிகக் குறைந்த எண்ணில் வைத்தாலும் அது உங்கள் காலுக்கு இறுக்கமாகவே இருக்கும். எண் எல்லையின் ஓரத்தில் நில்லாமல் நடுப்பகுதியில் அமைவதே நன்று. அதிக விலைக்கு வாங்கும் பிணைப்பிலே கிடைக்கும் உண்மையான நன்மை பெரிய எண்ணன்று. சப்பாத்து சற்றே விலகி, திறந்துவிடாமல் மீண்டும் நடுவுக்கு வரும் நெகிழ்வே அது. மேடுபள்ளத்தில் விரைபவருக்கு அது பயன்படும். மற்றவர்கள் அதற்காகப் பணம் கொட்டவேண்டியதில்லை என்பது என் கருத்து.

சப்பாத்தின் அடியையும் பார்த்துக்கொள்ளவேண்டும். வழக்கமான சறுக்குச் சப்பாத்தின் அடி தட்டையானது; அண்மைக்காலத்திற் பரவிய கிரிப்வோக் என்னும் அடி நடப்பதற்கு இசைய வளைந்தது; மலையேறுவோர் சப்பாத்து இன்னொரு வகை. எல்லாப் பிணைப்பும் எல்லா அடியையும் ஏற்பதில்லை. தேய்ந்துபோன அடியும், இடையிற் சிக்கிய மண்ணும் பனிக்கட்டியுங்கூட வில்லின் கணக்கைக் கெடுத்துவிடும்.

கழன்ற பலகை சரிவிலே ஓடி மற்றொருவரைத் தாக்காதபடி நிறுத்துவதற்கு, பிணைப்பின் இருபுறமும் தடைக்கால்கள் உண்டு. அவற்றின் அகலம் பலகையின் இடுப்பகலத்துக்கு இசையவேண்டும். இடுப்பு 82 மில்லிமீற்றர் என்றால் 85 அல்லது 90 மில்லிமீற்றர் தடைக்கால் போதும். மிக அகன்றது திரும்பும்போது பனியில் உரசும். குறுகியது பலகையைத் தாண்டிக் கீழே இறங்கவே மாட்டாது.

இத்தனையும் செய்தாலும் பிணைப்பினால் ஆகாத காரியமொன்று உண்டு. அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலத்தில் 1972ஆம் ஆண்டு தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடந்த ஆய்வு, கணைக்கால் முறிவுகள் பெருமளவு குறைந்ததைக் காட்டியது. முழங்கால் மூட்டினுள்ளே எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுந்துபோவது அவ்வாறு குறையவில்லை. பின்னோக்கிச் சரிந்து உட்கார்ந்தபடி விழும்போது, பலகையின் வால்பகுதி நெம்புகோலாகி முழங்காலைத் திருகுகின்றது. சாதாரணப் பிணைப்பு அவ்விசையை உணர்வதில்லை. ஆகவே முழங்காலுக்குப் பயந்து எண்ணைக் குறைத்துவைப்பதால், வேண்டாத வேளையிற் கழலும் ஆபத்தைத்தான் தேடிக்கொள்கின்றோம். விழப்போவது உறுதியானால், எழுந்துவிட முயலாமல் விழுந்துவிடுவதே முழங்காலுக்கு நல்லது எனப் பயிற்றுநர்கள் கற்பிக்கின்றனர்.

பிணைப்பைப் பூட்டுவதும் எண்ணைத் திருத்துவதும் பயிற்சிபெற்ற தொழிலாளியின் வேலை. திருப்புளி கையிலிருந்தாலும் வீட்டிலே தொடவேண்டாம். எண்ணைக் குறித்த பின்பு, கருவியொன்றால் முறுக்குவிசையை அளந்து பிணைப்பு உண்மையாகவே திறக்கின்றதா என்று பார்ப்பார்கள். அப்படி அளந்து தருமாறு கேட்டுப் பெறுங்கள். நண்பரொருவர் தந்த பழைய பலகையானால், அதன் பிணைப்பை உற்பத்தியாளர் இன்னும் ஏற்றுக்கொள்கிறாரா என்பதையும் கடையிலே விசாரியுங்கள். பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பழைய பிணைப்பைத் திருத்தித் தர நல்ல கடைக்காரர் மறுத்துவிடுவார். அதற்காக அவரோடு சச்சரவிட வேண்டாம். பிள்ளைகளுக்கோ ஒரு மாரியில் இருந்த எடையும் உயரமும் சப்பாத்தின் நீளமும் அடுத்த மாரியில் இருப்பதில்லை. ஆகையால் முதற்பனி விழுமுன் பலகையையும் சப்பாத்தையும் பிள்ளையையும் சேர்த்தே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள்.