முதுமையும் கல்வியும் எதிரெதிர் நின்ற வாக்கெடுப்பு



ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய மன்னன் கல்வியின் சிறப்பைப் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் 183-ஆம் பாட்டாக அமைந்துள்ளது. ஒரே குடியில் பிறந்தோருள்ளும் மூத்தவனைவிட அறிவுடையவனின் வழியையே அரசு நாடும் என்பது அதில் வரும் ஒரு கருத்து. அகவையும் கல்வியும் வேறு வேறு திசை காட்டுமாயின் எதனைப் பின்பற்றுவது என்னும் வினா அப்பாட்டிலேயே உள்ளது. வழக்கத்திலோ மூத்தோரையும் கற்றோரையும் சான்றோர் என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம். அவ்விருவரும் பிரிந்து நின்ற நிகழ்ச்சியாக 2016 சூன் 23 அன்று பிரிட்டனில் நடந்த பொது வாக்கெடுப்பைக் கூறலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா என்பதே அன்று மக்கள் முன் வைக்கப்பெற்ற வினா. விலக வேண்டும் என்றோர் 51.9 விழுக்காட்டினர், நீடிக்க வேண்டும் என்றோர் 48.1 விழுக்காட்டினர். வாக்குச் சீட்டில் அகவையும் பட்டமும் எழுதப்படுவதில்லை. ஆதலின் யார் எப்பக்கம் நின்றார் என்பதை வாக்களித்தோரைக் கேட்டே அறிய வேண்டியுள்ளது. ஆஷ்கிராப்ட் பிரபு அன்று வாக்களித்த 12,369 பேரிடம் ஒரு கணிப்பு நடத்தினார். அதன்படி, 18 முதல் 24 வயதுக்குட்பட்டோரில் 73 விழுக்காட்டினர் நீடிக்க விரும்பினர். 65 வயதைக் கடந்தோரில் 60 விழுக்காட்டினர் விலக விரும்பினர். நாற்பத்தைந்து வயதை ஒட்டித் தராசின் முள் மறுபக்கம் சாய்கிறது. பட்டம் பெற்றோரில் 57 விழுக்காட்டினரும், அதற்கு மேற்பட்ட பட்டம் பெற்றோரில் 64 விழுக்காட்டினரும் நீடிக்கவே வாக்களித்தனர். பள்ளிக் கல்வியோடு நின்றோரில் பெரும்பாலோர் விலகல் பக்கமே நின்றனர்.

இவ்வெண்களைக் கண்ட படித்தவர் சிலர், ‘அறியாதோர் அறிந்தோரை வென்றுவிட்டனர்’ என்று முடிவு கட்டினர். அம்முடிவு அவசரமானது, சற்று ஆணவமானதும்கூட.

முதலாவதாக, அகவையும் கல்வியும் இங்கே தனித்தனியானவை அல்ல. 2016-இல் 65 வயதான ஒருவர் 1951-இல் பிறந்தவர். அவர் பதினெட்டு வயதை எட்டியபோது அந்நாட்டில் பல்கலைக்கழகம் புகுந்தோர் நூற்றுக்குப் பத்துப்பேர்கூட இல்லை. பல்கலைக்கழகக் கல்வியைப் பரவலாக்க வேண்டும் என்று இராபின்ஸ் குழு 1963-இல்தான் பரிந்துரைத்தது. அதன் முழுப்பயன் பின்வந்த தலைமுறைக்கே கிட்டியது. முதியவரிடம் பட்டம் இல்லை என்றால், பல வேளைகளில் அது அவர் பிறந்த ஆண்டைச் சொல்கிறதேயன்றி அவருடைய அறிவின் அளவைச் சொல்வதாகாது. ஒத்த வயதினரை ஒப்பிட்டாலும் கல்வியால் வரும் வேறுபாடு முழுதும் மறைவதில்லை என்பது உண்மையே. எனினும் பட்டம் என்பது நூலறிவை மட்டும் தருவதன்று. ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைக்கும் வழியையும் அதுவே திறக்கிறது. எல்லைகள் திறந்திருப்பதால் ஆதாயம் பெறுவோரும் அதனால் அச்சம் கொள்வோரும் ஒரே வகையில் வாக்களிப்பர் என எங்ஙனம் எதிர்பார்ப்பது? பல்கலைக்கழக நகரமான கேம்பிரிட்ஜில் 73.8 விழுக்காட்டினர் நீடிக்க வாக்களித்தனர். காய்கறி விளையும் வயல்கள் சூழ்ந்த பாஸ்டன் என்னும் லிங்கன்ஷயர் ஊரில் 75.6 விழுக்காட்டினர் விலக வாக்களித்தனர். 2004-க்குப் பின் கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர் பெருமளவில் வந்து சேர்ந்த ஊர் அது. இவ்விரண்டு ஊர்களும் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலேயே உள்ளன.

இரண்டாவதாக, ‘முதியோர் பழமையை விரும்புவர்’ என்னும் எளிய விளக்கமும் நிற்கவில்லை. ஏறத்தாழ இதே வினா 1975 சூன் 5 அன்றும் அந்நாட்டு மக்களிடம் கேட்கப்பெற்றது. அன்று 67.2 விழுக்காட்டினர் ஐரோப்பியச் சமூகத்தில் நீடிக்கவே விரும்பினர். அன்று முதல் வாக்கைச் செலுத்திய பதினெட்டு வயதினர் 2016-இல் 59 வயதினர். அவர்கள் இடம்பெறும் 55–64 வயதுப் பிரிவில் 57 விழுக்காட்டினர் விலக வாக்களித்தனர். இடைப்பட்ட 41 ஆண்டுகளில் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆலைகள் பல நின்றன. அவற்றையெல்லாம் வாழ்ந்து பார்த்த தலைமுறையின் வாக்கை வெறும் மூப்பின் பிடிவாதம் என்று தள்ளிவிட இயலாது.

கற்றோர் வாக்குக்குக் கூடுதல் எடை தரலாமே என்று கேட்போரும் உண்டு. பிரிட்டன் அதனையும் செய்து பார்த்த நாடுதான். பல்கலைக்கழகங்களுக்கெனத் தனி நாடாளுமன்றத் தொகுதிகள் அங்கு இருந்தன. பட்டதாரி ஒருவர் தம் ஊரில் ஒரு வாக்கும் பல்கலைக்கழகத் தொகுதியில் மற்றொரு வாக்கும் அளிக்கலாம். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்தது. தமிழ்நாட்டுச் சட்ட மேலவையிலும் பட்டதாரிகளுக்கெனத் தொகுதிகள் இருந்தமை இவ்வவையில் மூத்தோர் பலருக்கு நினைவிருக்கும். 1986-இல் மேலவையே கலைக்கப்பட்டது. அத்தொகுதிகள் இருந்த காலத்தில் மேலவை கூடுதல் அறிவோடு நடந்தது என்று பட்டதாரிகளேகூடத் துணிந்து சொல்வாரோ, ஐயமே.

எஞ்சியிருப்பது இளையோரின் குறை. அது நியாயமான குறையும்கூட. முடிவின் விளைவோடு மிக நீண்டநாள் வாழப்போவோர் அவர்களே. 2014-இல் ஸ்காட்லாந்து தனிநாடாவது பற்றி நடந்த வாக்கெடுப்பில் 16, 17 வயதினரும் வாக்களித்தனர். 2016-இல் அவ்வுரிமை அவர்களுக்கு இல்லை. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு நீங்கிய 2020 சனவரி 31 அன்று அவர்கள் அனைவரும் பத்தொன்பது வயதைக் கடந்திருந்தனர். அவர்களுக்கும் வாக்குரிமை தரவேண்டும் என்று 2015-இல் ஒரு திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறத்தான் செய்தது. அதனை நிறைவேற்றியது முதியோர் நிறைந்த பிரபுக்கள் அவை. ஏற்க மறுத்ததோ மக்களவை.