கடலோரத்து ஊர்களும் கல்மலைப் பள்ளிகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



யாத்திரை என்பது நமக்குப் புதியதன்று. கதிர்காமத்துக்குக் காட்டுவழியே கால்நடையாகச் சென்ற முன்னோரின் பிள்ளைகள் நாம். இன்றோ நம் இளைஞர் பலரிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கின்றது. விடுமுறை வந்தால் வண்டியும் கிடைக்கின்றது. அந்த வண்டி எங்கே போகின்றது? கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் போகின்றது. காலையிற் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பத்தக்க தூரத்தில், ஈராயிரம் ஆண்டு பழைமையுடைய மலைப்பள்ளிகள் இருப்பதை நம்மிற் பெரும்பாலார் கண்டதில்லை. ஆதலால், சென்ற விடுமுறையிற் சங்கத்தினர் சிலர் மூன்று நாட் பயணமொன்றை மேற்கொண்டோம். கூலிச் சாரதியும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. நாமே மாறிமாறி வண்டி ஓட்டினோம்.

தாமே ஓட்டிச் செல்வதில் ஒரு நன்மை உண்டு. பிறர் ஓட்டும் பேருந்தில் இறக்கிய இடத்தில் இறங்குவோம். ஏறச் சொன்னபோது ஏறுவோம். நாமே ஓட்டும்போது வழி கேட்கவேண்டும். வழி கேட்க வேண்டுமாயின் அயலவரோடு பேசவேண்டும். இவ்வுரையின் கருத்தெல்லாம் அந்த ஒன்றிலேதான் இருக்கின்றது.

கொழும்பிலே தொடங்கி மட்டக்களப்பிலே முடியும் ஏ 4 வீதி நம் கல்முனையூடாகச் செல்கின்றது. கல்முனையை விட்டுத் தெற்கே சென்றால் ஊருக்கும் ஊருக்கும் இடைவெளி தெரியாது. சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று பள்ளிவாசல் மினாராவும் கோயிற் கோபுரமும் மாறிமாறி வரும். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி வந்த கடல், இவ்வூர்களிற் புகுந்தபோது சமயம் பார்க்கவில்லை என்பதை இங்குள்ள பெரியோர் அறிவர்.

காரைதீவிலே முதலில் வண்டியை நிறுத்தினோம். 1892ஆம் ஆண்டு சுவாமி விபுலாநந்தர் பிறந்த மண் அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரையும் யாழ்நூலையும் தமிழுலகுக்குத் தந்த ஊர். அங்கே கண்ணகி அம்மன் கோயிலும் உண்டு. வைகாசித் திருக்குளிர்த்திக்கு ஊர் முழுதும் திரளும். அந்தக் கண்ணகியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பயணத்தின் முடிவில் மீண்டும் அவளைக் காண்போம்.

நிந்தவூரிலே தேநீர்க் கடைக்காரக் காக்கா ஒருவரிடம் தீகவாபிக்கு வழி கேட்டோம். "முதல்ல தேத்தண்ணியக் குடிங்க மனே, வழி எங்கயும் ஓடிப் போகாது" என்றார். பேச்சு வளர்ந்தது. அவர் தம் குடிப்பெயரைச் சொன்னார். நம்மிலொருவர் தம் குடிப்பெயரைச் சொன்னார். தாய்வழியாகக் குடி எண்ணுவதும், பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்து மணஞ் செய்வதும் இக்கரையிலே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம். கோயிலுக்கு வண்ணக்கர் போலப் பள்ளிக்கு மரைக்காயர். 1626ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களைக் கண்டியரசன் செனரத் இக்கரையிற் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் கூறும். மலையிலிருந்த பௌத்த அரசன் கொடுத்த அடைக்கலம் அது. கரையிலிருந்து உப்பும் கருவாடும் தவள மாடுகளில் மலைக்கு ஏறின. ஆகவே, கடலும் மலையும் ஒன்றையொன்று அறியாதிருந்த காலம் இல்லை.

வயல்வெளி நடுவே செங்கல் மலைபோல் எழுந்து நிற்கின்றது தீகவாபித் தாதுகோபம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டிற் சத்தாதிஸ்ஸ மன்னன் கட்டியது என்பர். பௌத்தர் போற்றும் பதினாறு திருத்தலங்களுள் ஒன்று. இந்த அம்பாறை மாவட்டத்திலேயே, குடுவில் என்னுமிடத்துப் பிராமிக் கல்வெட்டொன்று தீகவாபி வணிகரைப் பற்றிக் கூறுகின்றது. அதிலே திஸ்ஸ என்னும் பெயருடைய தமிழர் ஒருவரும் குறிக்கப்படுகின்றார். பௌத்தப் பள்ளிக்குக் கொடை கொடுத்த வரிசையில் அன்றே தமிழரும் நின்றனர் என்பதை இக்கல்வெட்டு காட்டுகின்றது. மணிமேகலை தந்த மொழியினர் நாம். நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தை அளித்தவன் சிவபாதசேகரனாகிய இராஜராஜன். பௌத்தப் பள்ளி நமக்கு அந்நிய வீடன்று.

அங்கிருந்து அம்பாறை. 1949ஆம் ஆண்டு தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் எழுந்த நகரம். பட்டிப்பளை ஆறென்று நாம் வழங்கிய ஆறு அணையால் மறிக்கப்பட்டு, சேனநாயக்க சமுத்திரமாயிற்று. அத்திட்டத்தால் வந்த குடியேற்றம் பற்றி நம்மவர்க்கு உள்ள மனத்தாங்கலை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அங்கே பெற்றோல் நிலையத்திலும் சாப்பாட்டுக் கடையிலும் நாம் கண்டவர்கள், அத்திட்டத்தை வகுத்தவர்களல்லர், அதன் பேரப்பிள்ளைகள்.

அம்பாறையிலிருந்து மகாஓயா செல்லும் வீதியில், உகணைக்கு அப்பால் இராஜகல மலை இருக்கின்றது. அடிவாரத்தில் வண்டியை விட்டுவிட்டு நடக்கவேண்டும். காட்டுக்குள்ளே குகைகள், தாதுகோபங்கள், பிக்குகள் உண்ட மண்டபம், கல்லிற் குடைந்த பெரிய பாத்திரம் என்று ஒரு நகரமே கிடக்கின்றது. இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரர், இட்டிய தேரர் ஆகிய இருவர்க்கும் எடுத்த தூபி இதுவெனப் பழைய பிராமி எழுத்திற் பொறித்த கல் அங்கே இருக்கின்றது. பேரரசன் அசோகனின் மகனென்று போற்றப்படுபவரின் நினைவு, நம் வாசலிலிருந்து சில மணி நேரத் தொலைவில்! அக்கல்லின் முன்னே நாம் பேசாது நின்றோம்.

அடுத்த நாள் தெற்கே திரும்பினோம். அக்கரைப்பற்றைக் கடந்து திருக்கோவிலிற் சித்திரவேலாயுதரை வணங்கினோம். ஆடி அமாவாசைத் தீர்த்தத்தாற் புகழ்பெற்ற தலம். போர்த்துக்கேயர் இடித்தும் எழுந்து நிற்பது. சங்கமன்கண்டிப் பிள்ளையாரையும் கோமாரியையும் கடந்து பொத்துவிலை அடைந்தோம். அங்கிருந்து மேற்கே லாகுகலைக் காட்டோரத்தில் மகுல் மகாவிகாரை. காவன்திஸ்ஸ மன்னனும் விகாரமகாதேவியும் மணம் புரிந்த இடமென்பது கர்ணபரம்பரை. அங்குள்ள சந்திரவட்டக் கல்லில் யானைகளின் மேற் பாகர் அமர்ந்திருப்பதைக் காணலாம். அவ்வீதியிற் பொழுது சாய்ந்தபின் வண்டி ஓட்டலாகாது. கல்லில் மட்டுமன்று, வீதியிலும் யானை நிற்கும்.

மூன்றாம் நாள் அறுகம்பைப் பாலத்தைத் தாண்டிப் பாணமை சென்றோம். சிங்களக் குருதியும் தமிழ்க் குருதியும் கலந்த ஊர் அது. அங்கே பத்தினித் தெய்வத்துக்குக் கோயில். அங்கெலிய என்னும் கொம்பு இழுக்கும் விழா. கேட்டபோது நமக்கு மெய் சிலிர்த்தது. நம் ஊர்களிற் கண்ணகிக்கு நடந்த கொம்புமுறியல்லவா அது! காரைதீவில் நாம் வணங்கிய தாயே அங்கே பத்தினியாய் இருக்கின்றாள்.

பாணமைக்கும் உகந்தைக்கும் இடையே குடும்பிகலை. பாறைக்கு மேற் பாறை, பாறைக்கடியிற் குகை, குகையிலே இன்றும் தவஞ் செய்யும் பிக்குகள். உச்சியிலே உருளை வடிவான தாதுகோபமொன்று. அங்கிருந்து பார்த்தாற் காடும் கடலும் ஒன்றாய்த் தெரியும். இறங்கிச் சிறிது தூரம் ஓட்டினால் உகந்தை முருகன் சந்நிதி. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்வோர் காட்டுக்குட் புகும் வாயில். ஒரே காலையிற் பிக்குவின் குகையும் வேலவன் சந்நிதியும் நமக்குக் கிடைத்தன.

அன்பர்களே, இவற்றை ஏன் சொல்கின்றோம்? இன்று கிழக்கிலே பழைய கல் என்றால் மக்கள் அஞ்சுகின்றனர். ஒரு கல் வெளிப்பட்டால் அடுத்து வேலி வருமோ, காணி போகுமோ என்ற அச்சம் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் உண்டு. 2020ஆம் ஆண்டு கிழக்கின் தொல்லியல் மரபுரிமைக்கென ஜனாதிபதிச் செயலணி அமைக்கப்பட்டபோது, அதிலே தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இடம்பெறாமை பலர் மனத்தைப் புண்படுத்தியது. அக்குறையைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஆனால் போய்ப் பார்க்காதவன் வாதம் எடுபடாது. கல்வெட்டைப் படித்தவன், அதில் வணிகனும் உழவனும் தமிழனும் சிங்களவனும் கூடி நிற்பதைச் சுட்டிக் காட்டலாம். பார்க்காதவன், பிறர் சொல்வதை நம்பலாம் அல்லது மறுக்கலாம்; வேறு செய்ய இயலாது.

ஆகவே சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் ஒரு தடவை இளைஞர் இவ்வழியே செல்லவேண்டும். வண்டியில் முஸ்லிம் நண்பர் ஒருவருக்கும் சிங்கள நண்பர் ஒருவருக்கும் இடம் வைக்கவேண்டும். ஊருக்குள் 50 கிலோமீற்றர் வேகத்தை மீறாதிருங்கள். வெள்ளி நண்பகல் தொழுகை வேளையிற் பள்ளிவாசல் முன்னே ஒலிப்பானை அழுத்தாதிருங்கள். விகாரையிற் பாதரட்சையும் தொப்பியும் கழற்றுங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள். தண்ணீர், மேலதிகச் சில்லு, சிங்களத்திற் பத்து வார்த்தை ஆகிய இம்மூன்றும் இன்றிப் புறப்படாதீர்கள்.

பெரியோர்களே, பிள்ளைகள் வண்டி கேட்டால் உடனே மறுத்துவிடாதீர்கள்; எந்த வழியாற் போகின்றார்கள் என்று கேளுங்கள். அயலவன் வீட்டு வாசலைக் கடந்து போகின்றவர்களாக இல்லாமல், அங்கே நின்று வழி கேட்கின்றவர்களாக நம் இளைஞர் வளர்வாராக.