சீட்டை யார் எடுப்பார்கள்?

 என் ஆசிரியர்கள் இந்த மாநாட்டு மேடையில் தலைமை உரை ஆற்றியபோது பின்வரிசையில் நின்று கேட்டவன் நான். அவர்கள் நின்ற இடத்தில் இன்று நிற்பது பெருமையாக இருக்கிறது. நெஞ்சு படபடக்கவும் செய்கிறது.

‘மனநலச் சிகிச்சை ஆய்வுகளில் மக்கள் பங்கேற்பு’ என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். இதன் அடிப்படைகளை மனநலத் துறையினரான உங்கள் முன் விளக்கத் தேவையில்லை. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் சிகிச்சை எட்டாதவர்கள் நோயைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தார்கள். மாத்திரை மட்டும் போதாது, பேச்சுவழிச் சிகிச்சையும் வேண்டும், அது பலன் தருகிறதா என்று நம் மண்ணிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதில் இங்கே யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேல் குழுவினர் அதைச் செய்து காட்டினார்கள். மனநலப் பட்டம் எதுவும் இல்லாத ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் அளித்த மனச்சோர்வுச் சிகிச்சையை 495 பேரிடம் சோதித்து, 2017-இல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். விரிவான மதிப்பீடுகள் நாளைய அமர்வுகளில் வரும். ஒருவர் ஆய்வுக்குள் நுழையும் வாசற்படியிலேயே நான் கொஞ்ச நேரம் நிற்க அனுமதி கேட்கிறேன்.

ஒரு தாய்க்குத் தன் மகளின் எண்ணச் சுழற்சி நோய்க்கு எங்காவது புதிய சிகிச்சை ஆய்வு நடக்கிறதா என்று தெரிய வேண்டும். அவர் எங்கே தேடுவார்? நம் விடை தயாராக இருக்கிறது: சி.டி.ஆர்.ஐ. என்கிற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு. 2007 ஜூலை 20 முதல் இருக்கிறது. 2018 ஏப்ரலிலிருந்து முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே பதிந்தாக வேண்டும். மாத்திரை ஆய்வு மட்டுமல்ல, நடத்தைச் சிகிச்சை ஆய்வுகளும் அதில் பதியப்படுகின்றன. யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள், எந்த ஊரில் நடக்கிறது, நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்ததா, ஆள் சேர்ப்பு இன்னும் நடக்கிறதா, பொதுமக்கள் யாரிடம் விசாரிக்கலாம், எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. நல்ல பதிவேடு. அதைக் கட்டியவர்கள் பாராட்டுக்குரியவர்கள்.

ஆனால் அந்தத் தாயோடு உட்கார்ந்து நானே தேடிப் பார்த்தேன். பதிவு ஆங்கிலத்தில் இருக்கிறது. மக்களுக்கான தலைப்பு என்று ஒரு கட்டம், அறிவியல் தலைப்பு என்று இன்னொன்று. நாங்கள் பார்த்த பதிவில் இரண்டிலும் ஒரே இருபது சொல் வாக்கியம். தலைமை ஆய்வாளர், அறிவியல் ஐயங்களுக்கானவர், மக்கள் விசாரிக்க வேண்டியவர் என மூன்று இடத்திலும் ஒரே பேராசிரியர் பெயர். சேர்ப்பு நடக்கிறது என்று போட்டிருந்த எண்ணை அழைத்தோம். நான்கு நாள் யாரும் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் எடுத்தவர், அந்த ஆய்வு போன வருஷமே முடிந்துவிட்டது என்றார். பதிவைத் திருத்த ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அந்த அம்மா மூன்று பஸ் மாறி வரத் தயாராக இருந்தவர்.

பதிவேட்டைவிட நாம் இன்னும் அதிகமாகப் புறக்கணித்த ஆவணம் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேசத்தான் இந்தப் பொறுப்பை ஏற்றேன். தமிழ் ஒப்புதல் படிவத்தைச் சொல்கிறேன். பல ஆண்டுகள் நெறிமுறைக் குழுக்களில் இருந்தவன் என்ற முறையில், அலமாரிகளில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் இந்தப் படிவங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஆய்வுக்கும் மனிதருக்கும் இடையே நடந்த உரையாடலுக்கு நம்மிடம் இருக்கும் ஒரே எழுத்துச் சான்று அவைதான். அவற்றைப் பற்றி நம் துறையில் ஒரு கட்டுரைகூட என் கண்ணில் பட்டதில்லை. ஆங்கிலத்தில் எல்லாம் முடிந்தபின் கடைசி வாரத்தில் யாரிடமாவது கொடுத்து மொழிபெயர்த்து வாங்குகிறோம். அந்தத் தமிழை யாரும் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதில்லை.

யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது தற்செயலாக முடிவாகும் என்று சொல்ல, ஒரு படிவத்தில் ‘நீங்கள் சீரற்றமயமாக்கப்படுவீர்கள்’ என்று இருந்தது. சில ஆண்டுகளாக மனநோயோடு வாழும் ஒரு தையற்காரர் அந்த வரியில் விரலை வைத்து, “சார், இப்பத்தான் கொஞ்சம் சீராயிருக்கேன். மறுபடியும் எதுக்கு?” என்று கேட்டார். அவருக்கு மனநிலை சரியில்லை, புரிந்துகொள்ளும் திறன் இல்லை என்று ஆய்வு உதவியாளர் குறித்து வைத்திருந்தார். தமிழை ஒழுங்காகப் படித்தவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் மதிப்புக்குரிய மூத்த நண்பருக்கு நான் எங்கே வருகிறேன் என்பது இப்போது தெரிந்திருக்கும். ‘சீரற்ற’ வேண்டாம் என்பதில் நாங்கள் ஒன்று. அதற்குப் பதிலாக அவர் ‘சமவாய்ப்பு ஒதுக்கீடு’ என்றார். நான் ‘குலுக்கல்’ என்றேன். குலுக்கல் என்றால் லாட்டரி ஞாபகம் வரும், புதிய சிகிச்சையைப் பரிசாகவும் மற்றதை ஏமாற்றமாகவும் எண்ணிவிடுவார்கள் என்பது அவருடைய மறுப்பு. அந்த மறுப்பை நான் மதிக்கிறேன். பத்தாண்டுகளாக அதை அசைபோட்டும் என் கருத்து மாறவில்லை.

முதலாவதாக, ‘சமவாய்ப்பு’ பல இடங்களில் உண்மையே அல்ல. மனநல மருத்துவர் தாரா ரங்கசாமியின் சென்னை ஸ்கார்ப் மனநல நிறுவனமும் பங்கேற்ற மனச்சிதைவு ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு, கோவா, சதாரா ஆகிய மூன்று இடங்களில் நடந்து 2014-இல் வெளியானது. 282 பேரில் 187 பேர் வீடு தேடி வரும் சமூகப் பராமரிப்பையும் சேர்த்துப் பெற்றார்கள். 95 பேருக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு. அங்கே ‘சமவாய்ப்பு’ என்று எழுதினால் படிவத்தின் முதல் பக்கத்திலேயே பொய் சொன்னவர்கள் ஆவோம். ‘மூன்று சீட்டில் இரண்டு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம்’ என்றால் எந்தப் பாட்டிக்கும் விளங்கும்.

இரண்டாவதாக, தமிழ்நாட்டில் லாட்டரி 2003-இல் தடையாகிப் போய்விட்டது, குலுக்கல் என்ற சொல் போகவில்லை. தனியார் பள்ளியின் இலவசக் கல்வி இடங்களுக்கு விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான், வீட்டுவசதி வாரிய ஒதுக்கீட்டுக்கும் குலுக்கல்தான். ஆள்பலம் செல்லாத இடம் என்று மக்கள் அந்தச் சொல்லைப் புரிந்து வைத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டிய பொருள் அதுவே.

ஒரு பெண்ணுக்குக் குலுக்கலை விளக்கியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “அந்தச் சீட்டை யாரு எடுப்பாங்க?” ஒதுக்கீட்டை மறைத்து வைப்பது பற்றி நம் பாடநூல்கள் ஓர் அத்தியாயம் முழுக்கச் சொல்வது இந்தக் கேள்வியைத்தான். பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம்கூட உண்டு. வரிசை எண் இட்டு, ஒட்டி மூடிய, உள்ளே தெரியாத உறைகள் என்று நாம் நிரப்பும் கட்டம். அவர் கேள்விக்கு உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பத்தாம் நூற்றாண்டிலேயே பதில் இருக்கிறது. சோழன் முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் குடவோலைக் கல்வெட்டில், ஊர்ச் சபைப் பொறுப்புகளுக்கு ஆள் தேர, குடத்துக்குள் இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்க வைக்கிறார்கள். ஓலையை வாங்குபவர் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். பெயரை அவர் மட்டும் படித்தால் போதாது, உடனிருப்பவர்களும் படிக்க வேண்டும். அந்தச் சபை எல்லா மக்களுக்குமான சபை அல்ல என்பதை அறிவேன். நான் எடுத்துக்கொள்வது அந்த விரித்த கையை மட்டும்.

மூன்றாவதாக, பரிசு என்ற எண்ணம். அது குலுக்கல் என்ற சொல்லால் வருவதல்ல. ஆய்வைச் சிகிச்சை என்றே நம்பிவிடும் மயக்கத்தை பால் ஆப்பெல்பாம் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1982-இல், அதுவும் மனநல ஆய்வுகளில்தான், ஆங்கிலம் பேசும் மக்களிடையே கண்டு பெயரிட்டார்கள். எது மேல் என்று எங்களுக்கே தெரியாது, அதனால்தான் குலுக்குகிறோம் என்று மருத்துவர் தன் வாயால் சொல்லும் வரை அந்த மயக்கம் எந்தச் சொல்லாலும் தீராது. அப்படிச் சொல்ல நம்மில் பலருக்கு நா எழுவதில்லை.

இன்னொரு பழைய வாதம், ‘நம் மக்கள் டாக்டர் சொன்னால் போதும், படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்’ என்பது. இதே மேடையிலிருந்து சொல்லப்பட்டதால் இதே மேடையிலிருந்து மறுக்கிறேன். மனச்சிதைவு உள்ளவர்களுக்கு ஆய்வைப் பொறுமையாகத் திரும்ப விளக்கினால் அவர்களின் புரிதல் மற்றவர்களுக்கு இணையாக உயர்கிறது என்று கார்ப்பென்டர் என்ற ஆய்வாளரின் குழு 2000-ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டது. நம் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 99-ஆம் பிரிவில், பேட்டி மட்டும் காணும் ஆய்வுக்குக்கூட அவருடைய சொந்த ஒப்புதலைக் கேட்கிறது. ஒப்புதல் தர இயலாதவரிடம் சிகிச்சையைச் சோதிக்க மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும். கொடுத்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்றும் சட்டம் சொல்கிறது. நான் படித்த படிவங்களில் பலவற்றில் இது கடைசிப் பக்கத்தின் அடியில், கையெழுத்துக் கோட்டுக்கு மேலே நெருக்கி அடித்திருந்தது. அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவர எந்த மானியமும் தேவையில்லை.

நாளை பிற்பகல் அமர்வில், பெயர்களும் நிறுவன அடையாளமும் நீக்கிய மூன்று தமிழ்ப் படிவங்களை மேசைமேல் வைக்கிறேன். தையற்காரர் விரல் வைத்த படிவமும் அதில் ஒன்று. அறிஞர்கள் அவற்றை உரக்கப் படிக்க வேண்டும். முதன்முறையாக இந்த அவைக்கு அழைக்கப்பட்டிருக்கும் பங்கேற்பாளர் குடும்பத்தார் விளங்காத இடத்தில் நிறுத்தச் சொல்ல வேண்டும். நிறுத்திய ஒவ்வொரு வரியையும் அங்கேயே திருத்தி எழுதுவோம். குலுக்கல் என்ற சொல்லை என் நண்பர் அங்கே மறுத்துப் பேச வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். தீர்ப்பைக் குடும்பத்தார் சொல்லட்டும்.

மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.