பேறுகாலமும் காத தூரமும்



‘பேறு’ என்பது நம் மொழியில் இரு பொருள் தரும் சொல். பெறுதற்கரிய செல்வத்தையும் பேறு என்போம். குழந்தை பெறுதலையும் பேறு என்போம். அதே மொழியைப் பேசிய நம் பாட்டிமார், ‘பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு’ என்றும் கூறி வந்தனர். செல்வத்தைக் குறிக்கும் சொல்லினுள்ளே உயிரச்சமும் உறைந்து கிடந்தது. அவ்வச்சம் எல்லாத் தாய்மாருக்கும் ஒரே அளவில் நீங்கிவிட்டதா? இதுவே இன்று நாம் ஆராய வேண்டிய வினா.

முதலில் நற்செய்தியைக் கூறுவேன். 2001-03 ஆண்டுகளில் ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தபோது, தமிழ்நாட்டில் 134 தாய்மார் இறந்தனர். 2018-20-இல் அத்தொகை 54 ஆயிற்று. அதே காலத்தில் இந்தியா முழுவதற்குமான தொகை 97. 2019-21-இல் எடுக்கப்பெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பேறுகளில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்டவை மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. இவை பெருமைக்குரிய எண்கள்.

ஆயினும், பல்லாண்டுகள் பள்ளியில் தேர்ச்சி விழுக்காடு கணக்கிட்டவன் என்ற முறையில், சராசரி எண்ணிடம் எனக்குச் சற்று எச்சரிக்கை உண்டு. வகுப்பின் சராசரி உயரும். கடைசி வரிசைப் பிள்ளைகள் மூவர் தோற்றது அதில் தெரியாது. தோற்றவர் யார், ஏன் தோற்றனர் என்பதை அறியப் பெயர்ப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும்.

அக்கடைசி வரிசையை எங்கள் பக்கத்தில் காணலாம். நரிக்குடி வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் சீமைக்கருவேலங்காடும் கரி மூட்டமுமே பிழைப்பு. கண்மாய்க்கு ஓர் ஊராகக் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. அரசு விதிப்படி சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். மலைப்பகுதிக்கும் பழங்குடியினர் வாழும் பகுதிக்கும் இது முறையே 3,000, 20,000 எனத் தளர்த்தப்பட்டுள்ளது. எங்கள் நிலமோ தட்டையானது. எனவே சமவெளிக் கணக்கில் வந்துவிடுகிறது. அவ்விதி தலைகளை எண்ணுகிறது. இடையிலுள்ள பொட்டல் வெளியை எண்ணுவதில்லை. நெருங்கி வாழும் நகரத்தில் ஐயாயிரம் பேர் இரண்டு மூன்று தெருக்களில் அடங்குவர். எங்கள் பக்கம் அதே ஐயாயிரம் பேரைச் சேர்க்கப் பல ஊர்களுக்கு நடக்க வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவேன். என்னிடம் எட்டாம் வகுப்புப் பயின்ற மாணவி ஒருத்தி, மனக்கணக்கில் வகுப்பிலேயே விரைவானவள். படிப்பு நின்றது, இளவயதிலேயே திருமணம் நடந்தது. இரண்டாம் பேற்றின்போது இரவில் வலி கண்டது. கணவன் கரி மூட்டம் போட வெளியூர் சென்றிருந்தான். அவன் வரட்டும் என்று விடியும்வரை வீட்டார் காத்திருந்தனர். பின்பு மாட்டு வண்டியில் சாலைக்கும், பேருந்தில் மருத்துவமனைக்கும் கொண்டு சென்றனர். குழந்தை பிறந்தது, உதிரப்போக்கு நிற்கவில்லை. ஏற்றுவதற்கு அங்கே இரத்தம் இல்லை. வேறு ஊருக்கு அனுப்பினர். வழியிலேயே அவள் உயிர் பிரிந்தது.

1994-இல் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்னும் ஆய்வாளர் இருவர், தாய்மார் இறப்புக்கு மூன்று தாமதங்களைக் காரணமாக எடுத்துரைத்தனர். வீட்டில் முடிவெடுப்பதில் தாமதம். வழியில் சென்று சேர்வதில் தாமதம். சேர்ந்த இடத்தில் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். என் மாணவியின் ஓரிரவில் இம்மூன்றும் அடங்கியுள்ளன. பேற்றுக்குப் பின் உதிரப்போக்கு மிகுந்தால் இரண்டு மணி நேரத்திற்குள் உயிர் போகக்கூடும். இரத்தசோகை உள்ளவளுக்கு அவ்வவகாசமும் இல்லை. 2019-21 ஆய்வின்படி, தமிழ்நாட்டுக் கருவுற்ற மகளிரில் ஏறக்குறையப் பாதிப்பேர் இரத்தசோகையுடையவர். வசதியுள்ள குடும்பம் வாசலில் வண்டி வைத்திருக்கும்; ஏழைக் குடும்பம் வண்டிக்கும் காசுக்கும் ஆளுக்கும் காத்திருக்கும். ஏற்றத்தாழ்வு என்பது இங்கே நிமிடங்களின் ஏற்றத்தாழ்வே.

இதனை மாற்ற இயலும் என்பதற்கு இலங்கையே சான்று. களுத்துறையில் 1926-இல் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பெற்றது. பயிற்சி பெற்ற மருத்துவமாதர் ஊர் ஊராக, வீடு வீடாகச் சென்றனர். 1930-களின் நடுவில் லட்சத்திற்கு 2,000-க்கும் மேலிருந்த தாய்மார் இறப்பு, 1980-களில் நூறுக்கும் கீழே இறங்கியது. அந்நாடு செல்வம் கொழித்ததால் இது நிகழவில்லை; திறமை தாயின் வாசலுக்கே நடந்து சென்றதால் நிகழ்ந்தது.

நம் மாநிலமும் வாளாவிருக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர் பணிபுரிகின்றனர். 2008 முதல் 108 ஊர்தி ஓடுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் அமைந்த மகப்பேறு உதவித் திட்டம், பணமும் ஊட்டச்சத்துப் பொருள்களுமாக 18,000 ரூபாய் அளவுக்கு வழங்குகிறது. எல்லாவற்றினும் சிறந்ததாக நான் கருதுவது, ஒவ்வொரு தாயின் இறப்பையும் தனித்தனியே விசாரித்து, உறவினரையும் அழைத்துக் கேட்கும் முறை. இதுவே பதிவேட்டைப் புரட்டுதல்.

எஞ்சியிருப்பது என்ன? நிலையங்களை நிறுவும்போது மக்கள் தொகையோடு தொலைவையும் சேர்த்து எண்ண வேண்டும். மலைப்பகுதி நிலையங்களில் தாய்மார் முன்னதாகவே வந்து தங்கக் காத்திருப்பு அறைகள் உள்ளன. வறண்ட நாட்டுக்கும் அவை வேண்டும். இரத்தம் இருக்கும் இடம் இன்னும் அருகில் வர வேண்டும்.

இவை அரசின் கடமைகள். முதல் தாமதமோ வீட்டில் பிறப்பது; அதைக் களைய மாணவராகிய உங்களால் முடியும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ கருவுற்ற ஒருத்தி இருப்பின், அவளது தாய்சேய் நல அட்டையை வாங்கிப் படித்துக் காட்டுங்கள். இரத்த அளவு 11 கிராமுக்குக் குறைந்திருந்தால் எடுத்துச் சொல்லுங்கள். எந்த மருத்துவமனை, யார் உடன் செல்வது, யார் இரத்தம் கொடுப்பது என்பவற்றை எட்டாம் மாதத்திலேயே முடிவு செய்யத் தூண்டுங்கள். வலி வந்தபின் யார் வரவுக்கும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். மாணவியரே, திருமணத்திற்காக இடையில் படிப்பை விட்டுவிடாதீர்கள்; எழுத்தறிந்த தாய்க்குத் தன் உடல்நிலையைக் கேட்டறியும் துணிவு மிகும்.

காத தூரத்தை ஒரே நாளில் சுருக்க இயலாது. வீட்டிற்குள் வீணாகும் அரை நாளை இன்றே சுருக்கலாம். அந்த அரை நாளில் ஓர் உயிர் இருக்கிறது.